குளிருக்குள் தாரா பார்க்கப் போகலாமா? ஸ்காபரோ வாசகிக்கு ஒரு குடும்ப வைத்தியரின் பதில்

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 61 வயது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாகத் தனியாகப் பறவை பார்த்துப் பழகியிருக்கிறார். இந்தக் குளிர்காலத்தில் தன் கட்டடத்தில் இருக்கிறவர்கள், கோயிலில் பழக்கமானவர்கள் என்று 14 பேரைச் சேர்த்து ஒன்ராறியோ ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தாராக்களையும் (டக்) அன்னங்களையும் காட்ட ஆசைப்படுகிறார். அந்த 14 பேரில் ஒருவர்கூட இதற்கு முன் பைனாகுலர் பிடித்ததில்லை. பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை 7 மணிக்கு ரொமி தொம்சன் பார்க்கில் தொடங்கி, முனை வரை நடந்து, 11 மணிக்குத் திரும்புவது அவருடைய திட்டம். குழுவில் எட்டு மாதத்துக்கு முன் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த 68 வயது அண்ணர் ஒருவர் இருக்கிறார். நீரிழிவால் பாதம் விறைத்துப்போன 64 வயதுப் பெண் ஒருவர், ஆஸ்துமா உள்ள 7 வயதுப் பேரன் ஒருவன். வழியில் கழிவறை இருக்காது என்பதால் பெண்களிடம் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறார். ஒருவர் குளிருக்கு இதமாகப் பிரண்டி கொண்டுவருகிறாராம், பிள்ளைகள் தாராவுக்குப் போடப் பாண் கொண்டுவருகிறார்களாம், திரும்பும்போது ஐஸ் மேல் நின்று எல்லாரும் ஒரு படம் எடுப்பதாம். மகளுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "ஆராவது விழுந்தால் உங்களைத்தான் அம்மா கேட்பினம்" என்கிறாராம்.

அவர் கேட்பது மூன்று. போகலாமா? யாரை விட்டுவிட வேண்டும்? ஏதாவது நடந்தால் பொறுப்பு யாருடையது? கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "மைனஸ் குளிரில் தண்ணீருக்குள் மிதக்கிற தாராவே தாங்கும்போது, இத்தனை உடுப்புப் போட்ட நாங்கள் தாங்க மாட்டோமா?"

அக்கா, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போங்கள். கட்டாயம் போங்கள். நவம்பரில் கதவைச் சாத்தினால் ஏப்ரலில்தான் திறப்பது என்று வாழ்கிற எங்கள் வயதானவர்களை ஒவ்வொரு வருடமும் கிளினிக்கில் பார்க்கிறேன். பிரஷர் ஏறியிருக்கும், சீனி ஏறியிருக்கும், முழங்கால் இறுகியிருக்கும். "ஒன்றுமே பிடிக்கவில்லை டொக்டர்" என்று சொல்லும்போது கண்ணிலும் அது தெரியும். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதாவது இருக்கிறது என்று ஒருவர் வந்து கூப்பிடுவது அவர்களுக்குப் பெரிய காரியம். (வெயிலில் நின்றால் விற்றமின் டி கிடைக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். ரொறன்ரோவில் குளிர்கால வெயில் அதற்குப் போதாது, சூரியன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது. மாத்திரை எடுக்கிறவர்கள் தொடர்ந்து எடுக்கட்டும்.)

ஆனால் இந்தத் திட்டத்தோடு போக வேண்டாம். இடம், நேரம், நீளம் மூன்றையும் மாற்றினால் நீங்கள் பயப்படுகிற அந்த மூன்று பேரில் ஒருவரையாவது விட்டுவிட வேண்டி வருமா என்பதே சந்தேகம்.

தாரா எப்படித் தாங்குகிறது

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றப் பிழைகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. ஐஸ் மேல் நிற்கிற ஒரு மல்லாட் தாராவைக் கிட்ட இருந்து கவனியுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும், மற்றக் காலை வயிற்று இறகுக்குள் இழுத்து வைத்திருக்கும், கொஞ்ச நேரத்தில் மாற்றிக்கொள்ளும். கீழே இருக்கிற காலுக்குள், உடம்பிலிருந்து இறங்குகிற சூடான இரத்தக் குழாயும் பாதத்திலிருந்து ஏறுகிற குளிர்ந்த இரத்தக் குழாயும் ஒட்டி ஓடுகின்றன. இறங்குகிற இரத்தம் தன் சூட்டை ஏறுகிற இரத்தத்துக்குக் கொடுத்துவிட்டு, பாதத்துக்குப் போகும்போது உறையாத அளவுக்கு மட்டும் சூடாக இருக்கும். பாதம் குளிர்ந்தே இருப்பதால் ஐஸுக்குப் போகிற சூடும் குறைவு. மேலே வாலடியில் இருக்கிற சுரப்பியின் எண்ணெயைச் சொண்டால் எடுத்து இறகு முழுக்கப் பூசிக்கொள்வதால் தண்ணீர் தோலைத் தொடுவதே இல்லை. அதற்குக் கீழே மெத்தென்ற தூவி.

எங்கள் உடம்பு செய்வது வேறு. குளிர் பட்டதும் இருதயத்தையும் மூளையையும் காப்பாற்றுவதற்காகக் கை கால் விரல்களுக்குப் போகிற இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். குழாய் சுருங்கினால் பிரஷர் ஏறும், இருதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். இளம் வயதில் அது பெரிய விஷயமில்லை. ஏற்கனவே அடைபட்ட இருதயக் குழாயும், ஏற்கனவே செத்துப்போன பாத நரம்பும் உள்ளவருக்கு அதுதான் முழு விஷயமும். ஆகவே தாராவை உதாரணமாக வைத்து உங்கள் ஆட்களின் பலத்தை அளக்காதீர்கள் அக்கா.

இன்னொன்று. நீங்கள் இதை ஒரு குளிர்கால நடை என்று நினைத்துத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். நடக்கிறவர் உடம்புக்குள் சூடு உண்டாகிக்கொண்டே இருக்கும். பறவை பார்க்கிறவர் நிற்கிறார். அசையாமல், கையை உயர்த்தி, காற்றடிக்கிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். அதுவும் புதிதாகப் பழகுகிறவர்கள் என்றால் "எங்கே, எங்கே, அந்த வெள்ளையா" என்று ஒவ்வொரு பறவைக்கும் நீண்ட நேரம் நிற்பார்கள். கார் வரைக்கும் போய் வருவதற்குப் போடுகிற ஜக்கெற்றோடு இப்படி நின்றால் விரல் விறைக்க அதிக நேரம் எடுக்காது. 14 பேருக்கு எத்தனை பைனாகுலர் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டே இரண்டு என்றால் ஆளுக்கு ஆள் கைமாறிக் கடைசி ஆளிடம் போவதற்குள் தாரா தண்ணீருக்குள் முங்கிவிடும், எல்லாரும் இன்னும் ஒருமுறை காத்து நிற்க வேண்டும். கடன் வாங்கியாவது இரண்டு பேருக்கு ஒன்று என்று கொண்டுபோங்கள். சூட்டைக் காப்பாற்றுகிற சாமான்களில் அதுவும் ஒன்று என்று நினையுங்கள்.

இடமும் நேரமும்

ரொமி தொம்சன் பார்க் அருமையான இடம், எனக்கும் பிடிக்கும், ஆனால் அது ஏரிக்குள் 5 கிலோமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிற நிலம். காற்றுக்கு மறைப்பில்லை, உள்ளே போய்விட்டால் காருக்குத் திரும்பவும் அதே தூரம் நடக்க வேண்டும். முனையில் வைத்து ஒருவருக்கு நெஞ்சு இறுகினால் என்ன செய்வீர்கள்? முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

நீங்கள் இருக்கிற பக்கத்திலேயே பிளஃபேர்ஸ் பார்க் இருக்கிறதே. பிறிம்லி வீதியின் அடியில் காரை விட்டால் தண்ணீர் பக்கத்திலேயே. வடக்கிலும் வடமேற்கிலும் இருந்து அடிக்கிற குளிர் காற்றை அந்தப் பெரிய மண் மலைச்சுவர் பெரும்பாலும் தடுத்துவிடும். படகுத்துறைப் பக்கம் தண்ணீர் உறையாத இடங்களில் தாராக்கள் நெருங்கிக் கூடும், புதியவர்களுக்குக் காட்ட அதைவிட வசதி வேறில்லை. மூன்று எச்சரிக்கை மட்டும். பிறிம்லி வீதியின் இறக்கத்தில் நடந்து இறங்க வேண்டாம், எல்லாரும் காரில் வரட்டும். மலைச்சுவரின் அடிப்பக்கம் போக வேண்டாம், உறைந்து இளகுகிற நாட்களில் மண் சரியும். தெற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ காற்று என்றால் அன்றைக்கு அந்த இடமும் சரிவராது, அலை தெறித்துக் கரைக்கல் எல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ் பிடித்திருக்கும்.

காலை 7 மணி எதற்கு? விடியப்புறம் போக வேண்டும் என்பது பாடுகிற சிறு பறவைகளுக்குச் சரி. முங்கித் தின்னுகிற தாராக்கள் பகல் முழுக்கத் தண்ணீரில்தான் இருக்கும். பெப்ரவரி தொடக்கத்தில் சூரியன் உதிக்கவே ஏழரை மணி ஆகிவிடும், அந்த நேரம்தான் நாளிலேயே குளிர் கூடின நேரமும். 11 மணிக்குத் தொடங்கி 12:30க்கு முடியுங்கள். அந்த ஒன்றரை மணித்தியாலத்தையும் இரண்டாக வெட்டி நடுவில் எல்லாரையும் காருக்குள் ஏற்றுங்கள். மதிய வெயிலில் ஏரியைப் பார்த்தால் தெற்கே கண் கூசும், கற்றராக்ட் உள்ளவர்களுக்குப் பெரிய இடைஞ்சல். அதனால் வெயில் முதுகுப்பக்கம் விழுகிற மாதிரி, படகுத்துறையின் உள் வளைவுகளைப் பார்த்து நிறுத்துங்கள். மேகமூட்டமான நாள் கிடைத்தால் இன்னும் நல்லது.

வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், காற்றையும் சேர்த்து உடம்பு உணர்கிற குளிரைச் சொல்லும் வின்ட் சில்லைப் பாருங்கள். வின்ட் சில் மைனஸ் 28க்குப் போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடிய சுற்றுச்சூழல் திணைக்களம் சொல்கிறது. அது சுகதேகிகளுக்கான கணக்கு. உங்கள் குழுவுக்கு நான் மைனஸ் 15ல் கோடு போடுவேன். முதல் நாள் இரவு முன்னறிவிப்பு அதற்குக் கீழே காட்டினால் அப்போதே எல்லாருக்கும் அழைத்து அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள். காலையில் எல்லாரும் வெளிக்கிட்டு நிற்கும்போது ரத்து செய்வது எவருக்குமே முடியாத காரியம்.

ஸ்டென்ட் வைத்த அண்ணர்

இவரைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் எழுதியிருந்தீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் குளிருக்குள் போகவே கூடாது என்பது சரியில்லை. ஸ்டென்ட் வைத்துவிட்டார், இனிப் பயமில்லை என்பதும் சரியில்லை. நான் தெரிந்துகொள்ள விரும்புவது, இப்போது வெளியில் சாதாரணமாக நடக்கும்போதும் இரண்டு மாடி படி ஏறும்போதும் அவருக்கு நெஞ்சு இறுக்கமோ மூச்சு வாங்கலோ வருகிறதா என்பதுதான். வருகிறது என்றால் இந்தப் பயணம் இல்லை, முதலில் வைத்தியரிடம் போக வேண்டும். வரவில்லை என்றாலும் அவருடைய குடும்ப வைத்தியரிடமோ இருதய நிபுணரிடமோ "குளிருக்குள் ஒன்றரை மணித்தியாலம் நிற்கப் போகிறேன்" என்று வாயால் சொல்லிச் சரி வாங்க வேண்டும். அதை நீங்கள் தீர்மானிக்க முடியாது, ஆளை நேரில் பார்க்காத நானும் தீர்மானிக்க முடியாது.

அவர் வந்தால் கவனிக்க வேண்டியவை இவை. அன்று காலை அவர் ஸ்னோ வழிக்கவே கூடாது. இதைச் சொல்ல மறக்காதீர்கள், ஏனென்றால் காரை எடுப்பதற்காக முதலில் அதைத்தான் செய்வார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே வரவும் கூடாது. ரெலஸ்கோப், அதன் முக்காலி மாதிரிப் பாரங்களை அவர் தூக்க வேண்டாம். நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் அடிக்கிற நைற்றோ ஸ்பிரே கொடுத்திருந்தால் அது காருக்குள் இல்லாமல் ஜக்கெற்றின் உள்பையில், உடம்புச் சூட்டோடு இருக்க வேண்டும். நெஞ்சில் பாரமோ இறுக்கமோ, தாடைக்கோ இடது கைக்கோ போகிற வலியோ வந்தால் உடனே உட்கார வைத்து, அவருக்கு வைத்தியர் சொன்னபடி ஸ்பிரே அடித்து, 5 நிமிடத்தில் குறையவில்லை என்றால் 911. "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்பது எங்கள் ஆட்களின் முதல் வசனம், அதைக் கேட்காதீர்கள். அவருடைய ஸ்பிரேயை நெஞ்சு நோகிறது என்று சொல்கிற வேறு ஒருவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். ஆண்மைக் குறைவுக்கு எடுக்கிற மாத்திரைகளோடு இந்த ஸ்பிரே சேர்ந்தால் பிரஷர் ஆபத்தாக விழும். இதை அவர் உங்களிடம் சொல்ல மாட்டார், நீங்கள் கேட்கவும் தேவையில்லை, இந்தப் பகுதியை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

பாதம் விறைத்த அம்மாவும் பேரனும்

எனக்கு உண்மையில் கூடுதல் கவலை இந்த அம்மாவைப் பற்றித்தான், ஏனென்றால் அண்ணருக்கு வலி வந்து சொல்லும், இவருக்கு வலியே வராது. பாதத்தில் உணர்ச்சி இல்லாதவருக்குப் பனிக்கடி பிடித்தாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. ஆகவே கடையில் விற்கிற சூட்டுப் பொதிகளை அவருடைய சப்பாத்துக்குள் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்து கால் குளிர்கிறது என்று ஹீற்றருக்குக் கிட்டவோ சுடுதண்ணீருக்குள்ளோ காலை வைப்பதும் கூடாது. மேஸ் இரண்டு மூன்று போட்டு இறுக்கமான சப்பாத்துக்குள் திணித்தால் இரத்த ஓட்டம் இன்னும் குறையும். கம்பளி மேஸ் ஒன்று, விரலை உள்ளே அசைக்க இடம் இருக்கிற அரை சைஸ் பெரிய பூட்ஸ், அது போதும். நிற்கிற இடத்தில் காலுக்குக் கீழே யோகா பாய்த் துண்டு ஒன்றைப் போட்டுக் கொடுங்கள், நிலத்துக்கு இறங்குகிற சூட்டை அது நன்றாகத் தடுக்கும். வீட்டுக்குப் போனதும் மேஸைக் கழற்றிப் பாதத்தை வெளிச்சத்தில் ஒருவர் பார்க்க வேண்டும், விரல் இடுக்குகளும் சேர்த்து. வெளிறிப்போய் மெழுகு மாதிரி இருந்தாலோ கொப்புளம் இருந்தாலோ அன்றைக்கே வைத்தியரிடம்.

அவர் இன்சுலின் போடுகிறவரா என்று எழுதவில்லை. போடுகிறவர் என்றால் இன்சுலின் உறைந்தால் பழுதாகிவிடும், குளிரில் சீனி பார்க்கிற மெஷினும் சரியாக வேலை செய்யாது, எல்லாம் உள்பைக்குள் இருக்க வேண்டும். நடுங்குவதும் சீனியைத் தின்னும். குளிரில் நடுங்குவதையும் சீனி இறங்கி நடுங்குவதையும் வெளியில் இருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. ஆகவே சந்தேகம் என்றால் காருக்குள் ஏற்றிச் சோதித்துப் பாருங்கள், சோதிக்க வழியில்லை என்றால் 15 கிராம் அளவு சீனி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு கோப்பை ஜூஸ் கொடுங்கள்.

பேரன் வரட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் குளிர்ந்த உலர்ந்த காற்றை வேகமாக இழுப்பதுதான் பிரச்சினை, அதனால் ஓட விடாதீர்கள் (அது உங்களுக்குப் பெரிய வேலையாகத்தான் இருக்கும்). மூக்கையும் வாயையும் சால்வை மூட வேண்டும். நீலப் பம்ப் பெரியவர் ஒருவரின் உள்பையில் இருக்க வேண்டும், குளிர்ந்த பம்ப் சரியான அளவு மருந்தைத் தராது. கிளம்ப முன் ஒரு தடவை எடுக்கலாமா என்பதை அவனுடைய வைத்தியரிடம் கேளுங்கள். இரண்டு கிழமைக்குள் தடிமன் பிடித்திருந்தாலோ இரவில் இருமல் இருந்தாலோ இந்த முறை வேண்டாம், பிறகு கூட்டிப் போகலாம்.

தண்ணீர், பிரண்டி, பாண்

தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொன்னதை இன்றைக்கே மாற்றிச் சொல்லுங்கள் அக்கா. குளிரில் கை கால் குழாய் சுருங்கும்போது இரத்தம் உள்ளுக்குத் திரும்புகிறது, சிறுநீரகம் அதைத் தண்ணீர் கூடிவிட்டது என்று எடுத்து வெளியேற்றுகிறது. அதனால்தான் குளிருக்குள் நின்றால் அடிக்கடி போக வேண்டி வருகிறது, குடிக்காதவருக்கும் வரும். பிரஷருக்கு நீர் மாத்திரை எடுக்கிறவர்கள் குடிக்காமல் வந்தால் எழும்பி நிற்கும்போது தலை சுற்றி விழுவார்கள், விழுவது ஐஸ் மேல். உங்கள் பெண்கள் பயப்படுவது தாகத்துக்கல்ல, அவசரத்துக்கு இடமில்லையே என்றுதான். அதற்கு வழி கழிவறையைக் கண்டுபிடிப்பது. பூங்காக் கழிவறைகள் பல குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். எது திறந்திருக்கிறது என்று நகராட்சியின் 311க்கு அடித்துக் கேளுங்கள். முதல் நாள் நீங்களே ஒருமுறை போய்க் கதவைத் தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால் நடு இடைவேளையில் கிட்ட இருக்கிற கோப்பிக் கடைக்குக் காரில் போய் வருவது என்று முன்பே எல்லாருக்கும் சொல்லுங்கள். இது தெரிந்தாலே குடிப்பார்கள். நீர் மாத்திரையை எவரும் தாமாக நிறுத்த வேண்டாம். நேரத்தைத் தள்ளி எடுக்கலாமா என்று பார்மசியில் கேட்டால் சொல்வார்கள்.

பிரண்டி வேண்டவே வேண்டாம். குடித்ததும் சூடாக இருப்பது தோலுக்கு இரத்தம் ஓடி வருவதால், அப்படி வந்த சூடு அப்படியே காற்றோடு போய்விடும். உள்ளுடம்பு இன்னும் குளிரும், நடையும் தளரும், குளிர்கிறது என்ற உணர்வும் மங்கும். கொண்டுவருகிற அண்ணரிடம் ஒரு பெரிய ஃபிளாஸ்க்கில் இஞ்சிப் பிளேன் ரீ போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் அவருக்கும் மனம் கோணாது.

பாண் விஷயத்தில் பிள்ளைகள் ஏமாறுவார்கள், இருந்தாலும் சொல்ல வேண்டும். ரொறன்ரோ நகராட்சி விதிப்படி பூங்காக்களில் காட்டு உயிர்களுக்குத் தீனி போடக் கூடாது. அதைவிட, பாண் வயிற்றை நிரப்புமே தவிர குளிர் தாங்கத் தேவையான சத்தை அவற்றுக்குக் கொடுக்காது. ஒரே இடத்தில் அடித்துப் பிடித்துக் கூடும்போது நோயும் பரவும். பறவைக் காய்ச்சல் இப்போதும் காட்டுத் தாராக்களிடமும் வாத்துக்களிடமும் (கூஸ்) இருக்கிறது. இதில் உங்களுக்குப் பயம் வேண்டாம், தூர நின்று பார்ப்பதால் ஒட்டாது. ஆனால் செத்த பறவையையோ சோர்ந்து கிடக்கிற பறவையையோ எவரும் தொடக் கூடாது, பிள்ளைகள் இறகு பொறுக்க வேண்டாம், எச்சம் பட்ட சப்பாத்தை வாசலிலேயே கழற்றுங்கள், ரோல்ஸ் சாப்பிட முன் கை கழுவ வேண்டும். கிட்டப் போய்க் கலைக்கவும் வேண்டாம், குறுகின பகலுக்குள் தின்று சேர்த்த சக்தியைப் பறந்தே செலவழித்துவிடும். தாராக்கள் தலையை உயர்த்தி எல்லாம் ஒரே பக்கம் நீந்தத் தொடங்கினால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், இரண்டு எட்டுப் பின்னுக்கு வாருங்கள்.

ஐஸ் மேல் படம்

இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன், ஒருவரும் ஐஸில் கால் வைக்கக் கூடாது. தாரா எங்கே கூடுகிறது? உறையாத தண்ணீர் இருக்கிற இடத்தில். அதாவது நீங்கள் படம் எடுக்க நினைக்கிற அதே இடத்தில்தான் ஐஸ் மிக மெல்லிசாக இருக்கும். ஒருவர் நடப்பதற்கே 15 சென்ரிமீற்றர், கூட்டமாக நிற்க 20 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும் என்று செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. அதையெல்லாம் கரையில் நின்று கண்ணால் அளக்க முடியாது. மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் குளிரை ஆராய்ந்த பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக்கொடுக்கிற கணக்கு ஒன்று உண்டு. உறையும் தண்ணீருக்குள் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணித்தியாலம். ஆகவே விழுந்தவர் பெரும்பாலும் உடனே செத்துவிட மாட்டார், அவரைப் பார்த்து ஓடிப்போய்த் தானும் விழுகிற இரண்டாவது ஆளால்தான் நிலைமை கெடும். கரையில் நின்று கயிறோ சால்வையோ எறியுங்கள், 911 அடியுங்கள்.

கரையில் வழுக்கி விழுவதுதான் நடக்கக்கூடிய விபத்து. பூட்ஸில் மாட்டுகிற ஐஸ் கிளீற்ஸ் 55 வயதுக்கு மேற்பட்ட எல்லாரிடமும் இருக்கட்டும், ஆனால் அதை மாட்டிக்கொண்டு கடைத் தரையில் நடந்தால் வழுக்கும், கழற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். உடுப்பைப் பற்றி நீங்கள் சரியாகவே எழுதியிருந்தீர்கள், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: உள்ளே பருத்தி வேண்டாம், ஜீன்ஸும் பருத்திதான். சேலையோ சல்வாரோ உடுத்துகிறவர்கள் உள்ளே தேர்மல் போட்டுக்கொண்டால் போதும். கைக்கு மெல்லிய கையுறை, அதன் மேல் விரல் பிரியாத தடித்த கையுறை. பைனாகுலரின் சில்லைத் திருப்பும்போது மேலுள்ளதை மட்டும் கழற்றலாம்.

நீங்கள் தாராவைப் பார்க்கும்போது ஆட்களைப் பார்க்க ஒருவர் வேண்டும். 14 பேரையும் இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்த்து, ஒருவர் மற்றவரின் மூக்கையும் கன்னத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோலில் வெள்ளைத் திட்டு விழுந்தால் காருக்குள். அதைத் தேய்க்கக் கூடாது, ஸ்னோ வைத்துத் தேய்ப்பது அதைவிடக் கெடுதல். வெறும் கையை அப்படியே வைத்துப் பொத்தினால் போதும். நிறம் திரும்பவில்லை, கட்டியாக இருக்கிறது என்றால் வைத்தியசாலை. அப்புறம், நல்ல மனிதர் ஒருவர் காரணமில்லாமல் புறுபுறுக்கத் தொடங்குவது, பொத்தான் பூட்ட முடியாமல் கை தடுமாறுவது, சொல் குழறுவது, கால் இடறுவது, இவை உடம்பு உள்ளுக்குள் குளிர்கிறது என்பதற்கான அடையாளம். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் 911. வாய் ஒரு பக்கம் கோணினாலோ ஒரு கை மட்டும் விழுந்தாலோ அது குளிர் இல்லை, பக்கவாதம், அதற்கும் 911. ஒரு கார் எப்போதும் கிட்டவே, சூடேற்றத் தயாராக நிற்கட்டும், பின்னால் புகைக்குழாயை ஸ்னோ அடைக்கவில்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். உள்ளே வருகிற புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட் வாயுவுக்கு மணம் இருக்காது, ஆளைக் கொன்றுவிடும்.

பொறுப்பு யாருடையது

நான் சட்டத்தரணி இல்லை, ஆகவே எனக்குத் தெரிந்த அளவில் நின்றுகொள்கிறேன். ஒன்ராறியோவில் 2001ஆம் ஆண்டின் நல்ல சமாரியர் சட்டம் இருக்கிறது. சம்பளம் எதிர்பாராமல் அவசரத்தில் முதலுதவி செய்கிறவரை, மிக மோசமான அலட்சியம் இல்லாத வரைக்கும், அது காப்பாற்றும். ஆகவே வழக்குப் போடுவார்களோ என்று பயந்து உதவி செய்யாமல் நிற்க வேண்டாம். ஆனால் பயணத்தை ஒழுங்கு செய்தவர் என்ற பொறுப்பு அதற்குள் வராது. நீங்கள் இதைத் தொடர்ந்து செய்ய நினைத்தால், காப்புறுதி உள்ள ஒரு சமூக நிலையத்தின் பெயரிலோ முதியோர் சங்கத்தின் பெயரிலோ செய்ய முடியுமா என்று கேளுங்கள், ஒரு சட்டத்தரணியிடம் அரை மணித்தியாலம் பேசுங்கள். உங்கள் மகள் சொன்னது பயமுறுத்தல் இல்லை, நியாயமான கேள்விதான். அவரையும் கூட்டிப் போங்கள், ஆட்களைப் பார்க்கிற அந்த ஒருவராக அவரே இருக்கட்டும். ஒவ்வொருவரின் மருந்து, ஒவ்வாமை, வீட்டு அழைப்பு எண் எல்லாம் ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுங்கள். ஃபோன் குளிரில் சட்டென்று செத்துவிடும், தாள் சாகாது.

பார்க்கிற பறவைகளை நீங்களே நன்றாக அறிவீர்கள், இருந்தும் ஒரு ஆசையால் சொல்கிறேன். முதல் நாளில் ஆறு பறவைக்கு மேல் காட்டாதீர்கள். பிளஃபேர்ஸில் இரண்டு வகை அன்னத்தையும் பக்கம் பக்கமாகக் காட்ட வாய்ப்பிருக்கிறது: செம்மஞ்சள் சொண்டுள்ளது ஐரோப்பாவிலிருந்து வந்த மியூட் அன்னம், கறுப்புச் சொண்டுள்ளது இந்த மண்ணின் ட்ரம்பெற்றர் அன்னம். ஒன்ராறியோவில் வேட்டையால் இல்லாமலே போயிருந்த அந்த அன்னத்தை 1982இல் ஹரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் திரும்ப வளர்த்துவிடத் தொடங்கினார், அதன் வழிவந்தவைதான் இன்றைக்கு எங்கள் கரையில் நிற்கின்றன. சிலவற்றின் இறக்கையில் மஞ்சள் இலக்கத் தகடு இருக்கும், பேரனிடம் அந்த இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள், ஓட மாட்டான். தலையில் பெரிய வெள்ளைத் திட்டோடு பந்து மாதிரி முங்கி முங்கி எழுகிற பஃபிள்ஹெட், வட துருவப் பக்கத்திலிருந்து குளிர் கழிக்க எங்களிடம் வருகிற லோங் ரெயில்ட் டக், இவை இரண்டும் கிடைத்தால் அந்த நாள் போதும்.

அந்த லோங் ரெயில்ட் டக்குகள் வசந்தம் பிறந்ததும் வடக்கே திரும்பத் தொடங்கிவிடும். அண்ணருக்கு வைத்தியரிடம் நேரம் கிடைக்க எப்படியும் இரண்டு மூன்று கிழமை ஆகலாம். ஆகவே திகதியைப் பெப்ரவரிக் கடைசிச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள், வின்ட் சில் கூடினால் தள்ளிவைக்க மார்ச் முதல் சனிக்கிழமை கையில் இருக்கும், அண்ணரை நாளைக் காலையிலேயே கிளினிக்குக்கு அழைத்துப் பதியச் சொல்லுங்கள்.